தோர்தோன்யு பக்கம் லீவுக்குப் போறீங்களா? மியூசியம், குகை, எக்ஸிபிஷன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாசம் ஆனா பாரிஸ் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க யாராவது ஃபோன் பண்ணி "அந்த குகை ஊருக்கு எப்படி போனீங்க, எங்க தங்குனீங்க, பசங்களுக்கு போரடிக்காதா"ன்னு கேப்பாங்க. அது தென்மேற்கு பிரான்ஸ்ல இருக்கற தோர்தோன்யு மாவட்டம், நாங்க குடும்பத்தோட நாலு தடவை போயிட்டு வந்துட்டோம், ஒரு தடவை அத்தையையும் கூட்டிட்டுப் போனோம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

மியூசியம் பாக்கணும்னா பாரிஸ்ல இல்லாததா? எதுக்கு 500 கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு கிராமத்துக்குப் போகணும்?

பாரிஸ் மியூசியத்துல இருக்கறதெல்லாம் எங்கிருந்தோ எடுத்துட்டு வந்து வச்சது. இங்க அப்படி இல்ல, பொருள் கிடைச்ச மண்ணுலயே நின்னு அந்தப் பொருளைப் பாக்கறீங்க, அந்த வித்தியாசம் போனாத்தான் புரியும். வேஸேர்னு ஒரு ஆறு, அதோட ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, பாறைக்கு அடியில குடை மாதிரி ஒதுங்கற இடம், அதுலதான் பல்லாயிரம் வருஷமா மனுஷங்க வாழ்ந்திருக்காங்க. இந்தப் பள்ளத்தாக்குல இருக்கற ஓவியக் குகைகளையும் பழைய குடியிருப்புகளையும் சேர்த்து யுனெஸ்கோ 1979லயே உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டுட்டாங்க. மோந்தின்யாக்ங்கற ஊர்ல இருந்து லெஸெய்ஸிங்கற ஊர் வரைக்கும் ரோட்டுல போனா சுமார் 25 கிலோமீட்டர்தான், அதுக்குள்ள ஒரு வாரத்துக்குப் பாக்க விஷயம் இருக்கு.

பழங்கால மிருக ஓவியங்களுக்குப் பேர் போன நிஜ லாஸ்கோ குகைக்குள்ள போக முடியுமா?

முடியாது. நிறைய பேர் இதை அங்க போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டு ஏமாந்து போறாங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன்.

1940 செப்டம்பர்ல, பிரான்ஸ் போர்ல தோத்து மூணு மாசம்கூட ஆகல, மார்செல் ரவிதாங்கற பையனும் அவனோட மூணு கூட்டாளிங்களும் மோந்தின்யாக் மேல இருக்கற காட்டுக்குள்ள ஒரு பொந்து வழியா இறங்கி இந்தக் குகையைக் கண்டுபிடிச்சாங்க. 1948ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், அம்பதுகள்ல ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல போயிருக்காங்க. ஆயிரம் பேர் விடற மூச்சுக்காத்து, அதுல இருக்கற ஈரம், உடம்புச் சூடு, மேல போட்ட லைட்டு, எல்லாம் சேர்ந்து சுவத்துல பச்சைப் பாசி பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு, இன்னொரு பக்கம் வெள்ளையா சுண்ணாம்புப் படிவம். ஆயிரக்கணக்கான வருஷம் ஒண்ணும் ஆகாம இருந்தது, நாம போய் மூச்சு விட்ட பதினஞ்சு வருஷத்துல கெட ஆரம்பிச்சுது. 1963ல அப்போ கலாச்சார அமைச்சரா இருந்த ஆந்த்ரே மல்ரோ குகையை மூட உத்தரவு போட்டார். மூடினதோட பிரச்சனை தீரல, 2001ல வெள்ளைப் பூஞ்சை வந்து திரும்பவும் போராட வேண்டியதாச்சு. அதனால "ஒரு தடவை உள்ள விட்டா என்ன"ன்னு தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க, மூடினது ரொம்ப ரொம்ப சரி.

அப்போ குகை மாதிரியே செஞ்சு வச்சிருக்கற நகலை, அதாவது காப்பியைப் பாக்க எதுக்கு அவ்வளவு காசு குடுக்கணும்?

நானும் முதல் தடவை இப்படித்தான் நினைச்சேன், உள்ள போனதும் அந்த நினைப்பு போயிடுச்சு.

அந்த ஊர்ல காப்பி ரெண்டு இருக்கு. நிஜக் குகைக்குப் பக்கத்துலயே, சுமார் 200 மீட்டர் தள்ளி, 1983ல திறந்தது லாஸ்கோ 2. மோனிக் பெய்த்ரால்னு ஒரு ஓவியர் பத்து வருஷத்துக்கும் மேல உழைச்சு, அந்தக் காலத்து ஆளுங்க மாதிரியே காவிக்கல், மாங்கனீஸ் கறுப்புன்னு மண்ணுல கிடைக்கற நிறத்தை வச்சே வரைஞ்சது. அதுல ரெண்டு பகுதிதான் இருக்கு, ஆனா முக்காவாசி ஓவியம் அந்த ரெண்டுலயே வந்துடும். 2016 டிசம்பர்ல மலையடிவாரத்துல திறந்தது லாஸ்கோ 4, இதுல குகையோட ஓவியப் பகுதிகளை முழுசா எடுத்துக்கிட்டு, பாறையோட மேடு பள்ளத்தைக்கூட அளந்து செஞ்சிருக்காங்க. கட்டடத்தை டிசைன் பண்ணது ஸ்னோஹெட்டாங்கற நார்வே கம்பெனி, தரையில ஒரு நீளமான வெட்டு விழுந்த மாதிரி இருக்கும்.

உள்ள போனா சில்லுனு இருக்கும், இருட்டு, அஞ்சு மீட்டருக்கு மேல நீளமான காட்டெருது தலைக்கு மேல ஓடுது. சில உருவங்களோட வளைவு பாறையோட புடைப்புலயே வந்து உக்காந்திருக்கும், வரைஞ்சவன் பாறையைத் தடவிப் பாத்துட்டுதான் எங்க எதை வரையணும்னு முடிவு பண்ணியிருப்பான் போல. இன்னொரு விஷயம், குகையில கிடைச்ச சாப்பாட்டு எலும்புல பெரும்பாலும் ரெயின்டீர்ங்கற பனிமான்தான், ஆனா அவ்வளவு ஓவியத்துல ரெயின்டீர் ஒண்ணே ஒண்ணுதான். தினமும் தின்னதை வரையல! குதிரையும் எருதும் வேற வகை மானும்தான் வரைஞ்சிருக்காங்க. ஏன்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, என் பொண்ணு "நாம மட்டும் சாம்பார் படத்தையா சாமி ரூம்ல மாட்றோம்"னு கேட்டா, கைடுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

என்னோட கருத்து என்னன்னா, வரிசை முக்கியம். முதல்ல லாஸ்கோ 4, அடுத்து லெஸெய்ஸி மியூசியம், கடைசியா ஓவியம் மங்கிப் போன ஒரு நிஜக் குகை. காப்பி கண்ணைப் பழக்கும், மியூசியம் அந்த ஆளுங்க யாருன்னு சொல்லும், இது ரெண்டையும் முடிச்சிட்டு நிஜக் குகைக்குள்ள போய் மங்கலான ஒரு கோட்டைப் பாத்தீங்கன்னா உடம்பு சிலிர்க்கும். தலைகீழா போனவங்க "நிஜக் குகையில ஒண்ணும் தெரியல, காப்பிதான் சூப்பர்"னு சொல்லிட்டு வர்றாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கு.

சரி, நிஜ ஓவியத்தை எங்க பாக்கறது?

லெஸெய்ஸில ஃபோந்த்கோம் குகை. பல நிறத்துல வரைஞ்ச நிஜ ஓவியத்தை இன்னும் பொதுமக்களுக்குக் காட்டற குகைங்கள்ல இது ரொம்ப முக்கியமானது. 1901ல பெய்ரோனிங்கற உள்ளூர் ஸ்கூல் வாத்தியார்தான் இந்த ஓவியங்களைக் கண்டுபிடிச்சார். லாஸ்கோவுல செஞ்ச தப்பை இங்க செய்யக்கூடாதுன்னு ஒரு நாளைக்கு ரொம்பக் கொஞ்ச பேரைத்தான் விடறாங்க, சின்னச் சின்ன குழுவா, கைடோட. கைடு லைட்டை ஒரு பக்கமா சாய்ச்சு மெதுவா நகத்துவாங்க, வெறும் பாறையா இருந்த இடத்துல பைசன்ங்கற காட்டெருமையோட முதுகு எழும்பி வரும். ஒரு ரெயின்டீர் இன்னொண்ணோட நெத்தியை நக்கற மாதிரி ஒரு ஓவியம் இருக்கு, ரொம்ப மங்கிப் போச்சு, ஆனா கைடு விரலைக் காத்துல நகத்திக் காட்டும்போது தெரிஞ்சிடும், அந்த நிமிஷம் எங்க குழுவுல ஒருத்தரும் பேசல.

அதே 1901ல கண்டுபிடிச்ச கோம்பரெல் குகை பக்கத்துலதான், அங்க நிறம் கம்மி, கல்லுல கீறின உருவங்கள் ஏராளம். காப் பிளான்ல பாறையில செதுக்கின பெரிய பெரிய குதிரைங்க இருக்கு. கொஞ்சம் தள்ளி ரூஃபின்யாக், அது மாமத்ங்கற பழங்கால யானை ஓவியம் நிறைஞ்ச குகை, அதைப் பத்தி பசங்க கேள்வியில சொல்றேன். தெற்கால லோத் மாவட்டம் வரைக்கும் போக முடிஞ்சா பெஷ் மெர்ல், 1922ல கண்டுபிடிச்சது, உடம்பெல்லாம் புள்ளி வச்ச ரெண்டு குதிரையும் சுத்தி கை அச்சும் இருக்கும், அதுவும் நிஜம்தான், காப்பி இல்ல.

ஃபோந்த்கோமுக்கு டிக்கெட்டை வீடு புக் பண்ற அன்னிக்கே பாத்துடுங்க. போய்ப் பாத்துக்கலாம்னு நினைச்சா கிடைக்கவே கிடைக்காது.

நாங்க போனப்போ எல்லாமே மூடியிருந்துச்சு. ஏன் இப்படி?

மணி என்னன்னு பாத்திருந்தீங்களா? கிராமத்துல மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் சாப்பாட்டு நேரம், சின்ன மியூசியம் பலது பூட்டிடுவாங்க. ஒரு தடவை ரெண்டு பசங்களோட 12 மணி 5 நிமிஷத்துக்கு ஒரு சின்ன மியூசியம் வாசல்ல போய் நின்னேன், உள்ள இருந்த அம்மா சாவியோட வெளிய வந்து சிரிச்சுக்கிட்டே "போன் அப்பெத்தி" (நல்லா சாப்பிடுங்க)ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம் தேவாலயத் திண்ணையில உக்காந்து பிஸ்கட் தின்னோம்.

வார விடுமுறையும் இருக்கு. தேசிய மியூசியம்னா பெரும்பாலும் செவ்வாய், நகராட்சி மியூசியம்னா திங்களோ செவ்வாயோ. ஜூலை ஆகஸ்ட்ல மட்டும் பல இடம் தினமும் திறப்பாங்க. அதை விட முக்கியம் சீசன், கிராமத்து மியூசியம் நிறைய ஈஸ்டருக்குத் திறந்து நவம்பர் ஆரம்பத்துல மூடிடும், லாஸ்கோ 4கூட ஜனவரியில கொஞ்ச நாள் மூடும். மூடற நேரம் 6 மணின்னு போட்டிருந்தா கடைசி டிக்கெட் அதுக்கு முக்கா மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே முடிஞ்சிரும். கூகுள் சொல்றதை நம்பாம கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டுடுங்க.

அரசு விடுமுறை நாள்ல திறந்திருக்குமா?

மே 1 அன்னிக்கு எதையும் எதிர்பாக்காதீங்க, அன்னிக்கு ஆத்தங்கரைக்குப் போங்க. ஜூலை 14, ஆகஸ்ட் 15ல டூரிஸ்ட் இடங்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். மே மாசம் வியாழக்கிழமை லீவு வந்தா வெள்ளியையும் சேர்த்து எல்லாரும் லீவு போட்டுடுவாங்க, அதுக்கு "போன்"னு பேரு, பாலம்னு அர்த்தம், அந்த நாலு நாள் கூட்டம் ஆகஸ்ட் மாதிரிதான் இருக்கும். அல்சாஸ், மோசெல் பக்கம் போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு, அங்க பெரிய வெள்ளியும் டிசம்பர் 26ம் கூடுதலா லீவு, பிரான்ஸ்ல மத்த இடத்துல அது கிடையாது.

ஃப்ரீயா பாக்க வழி இருக்கா?

நிறைய இருக்கு. லெஸெய்ஸி தேசிய மியூசியம் மாசத்தோட முதல் ஞாயிறு எல்லாருக்கும் ஃப்ரீ. 18 வயசுக்குக் கீழ இருந்தா தேசிய மியூசியத்துல எப்பவுமே ஃப்ரீ, ஐரோப்பிய யூனியன்ல குடியிருக்கற 26 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் ஃப்ரீ, காலேஜ் படிக்கற நம்ம பசங்க பலருக்கு இது தெரியவே தெரியாது, குடியிருப்பு அட்டையைக் கையில வச்சுக்கங்க. அதே ஊர்ல வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பத்தி விளக்கற ஒரு மையம் இருக்கு, அங்க டிக்கெட்டே கிடையாது, முதல் நாள் அங்க போயிட்டு மத்த இடத்துக்குப் போனா நல்லாப் புரியும்.

செப்டம்பர் மூணாவது வாரக் கடைசியில பாரம்பரிய நாட்கள்னு நடக்கும், 1984ல ழாக் லாங் அமைச்சரா இருந்தப்போ ஆரம்பிச்சது, இப்போ ஐரோப்பா பூரா நடக்குது. அப்போ வருஷம் பூரா பூட்டிக் கிடக்கற பழைய மாளிகை, மில்லு, தனியார் கோட்டைகூட திறப்பாங்க. மே மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மியூசியம் இரவு நடக்கும், அதுக்கும் பெரும்பாலும் காசு வாங்க மாட்டாங்க.

லெஸெய்ஸி மியூசியத்துல எதைக் கண்டிப்பா பாக்கணும்?

மொதல்ல மேல மாடியில நின்னு வெளிய பாருங்க, 1931ல பால் தார்தே செதுக்கின ஆதிமனுஷன் சிலை பள்ளத்தாக்கைப் பாத்துக்கிட்டு நிக்கும். இந்த ஊர்லதான் 1868ல பாதை போடற வேலை நடக்கும்போது க்ரோ மான்யோங்கற பாறைக்கு அடியில மனுஷ எலும்பு கிடைச்சுது, "க்ரோ மேக்னன் மனிதன்"னு நாம ஸ்கூல்ல படிச்சது அதைத்தான். அந்த நிஜ எலும்பு பாரிஸ்ல இருக்கு.

உள்ள போனா கண்ணாடிப் பெட்டி நிறைய, எல்லாத்தையும் படிச்சா அரை நாள்ல களைச்சிருவீங்க. தன் விலாவைத் தானே நக்கற பைசன், அது ஒண்ணைத் தேடிப் போங்க. ரெயின்டீர் கொம்புல செதுக்கினது, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். கொம்பு அகலம் பத்தாம செதுக்கினவன் பைசனோட தலையைப் பின்னாடி திருப்பி வச்சிருக்கான், அந்தக் குறையாலதான் அது அவ்வளவு அழகா வந்திருக்கு, நான் அங்க இருபது நிமிஷம் நின்னேன்.

கல் கருவி வச்சிருக்கற இடத்துல கைக்கோடாரியைப் பாத்ததும் நம்ம பல்லாவரம் ஞாபகம் வரும். வடக்கு பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பக்கம் கிடைச்ச கல் கருவிகளைப் பத்திக் கேள்விப்பட்டுதான் ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற புவியியலாளர் மெட்ராஸ் பக்கம் தேட ஆரம்பிச்சார், 1863 மே மாசம் பல்லாவரத்துல கைக்கோடாரி எடுத்தார். லார்தே, கிறிஸ்டின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த வேஸேர் பள்ளத்தாக்குல தோண்ட ஆரம்பிச்சதும் அதே 1863லதான். பசங்களுக்கு இதைச் சொன்னதும் அடுத்த பெட்டியை அவங்களே போய் பாக்க ஆரம்பிச்சாங்க.

சின்னப் பசங்களுக்கு போரடிக்காதா?

ரூஃபின்யாக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. குகைக்குள்ள எலெக்ட்ரிக் ரயில்ல உக்கார வச்சு பூமிக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கூட்டிட்டுப் போவாங்க, வழியில சுவத்துல குகைக்கரடி நகத்தால கீறின கோடு, கரடி படுத்துத் தூங்கின பள்ளம், அப்புறம் 150க்கு மேல மாமத் யானை. கடைசியில ஒரு கூரை வரும், பூரா கறுப்புக் கோட்டுல மிருகங்க. இப்போ நாம நிமிந்து பாக்கறோம், அவங்க வரைஞ்ச காலத்துல தரைக்கும் கூரைக்கும் ஒரு மீட்டர்தான் இடைவெளி, படுத்துக்கிட்டு வரைஞ்சிருக்கான், முழு படத்தையும் தள்ளி நின்னு அவனால பாக்கவே முடிஞ்சிருக்காது. என் பையன் வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளுக்கு அடியில பேப்பரை ஒட்டி, படுத்துக்கிட்டு வரைஞ்சு பாத்தான்.

சண்டைன்னா பிடிக்கற பசங்களுக்கு காஸ்தெல்னோ கோட்டை, அங்க மத்தியகாலப் போர் மியூசியம், வாசல்ல கல் எறியற பெரிய கவண் இயந்திரம் நிஜ சைஸ்ல நிக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் பெய்னாக் கோட்டை தெரியும், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறு வருஷப் போர்ல இது ரெண்டும் எதிரெதிர் கட்சி.

வயசானவங்க, நடக்க முடியாதவங்க?

லாஸ்கோ 4 சக்கர நாற்காலிக்குப் பிரச்சனை இல்ல, ரூஃபின்யாக்லயும் ரயில் இருக்கறதால அத்தை சந்தோஷமா பாத்தாங்க. ஃபோந்த்கோமுக்கு மட்டும் குகை வாசல் வரைக்கும் ஏத்தம் ஏறணும், உள்ள சில இடம் ரொம்பக் குறுகல், முட்டி வலி இருந்தா வேணாம். எல்லாக் குகையிலயும் சுமார் 13 டிகிரிதான், வெளிய 38 டிகிரி வெயில் அடிச்சாலும் ஸ்வெட்டர் கையில இருக்கட்டும்.

ஃபிரெஞ்சு தெரியாம சமாளிக்கலாமா?

பெரிய இடத்துல இங்கிலீஷ் கைடு டூர் உண்டு, ஆனா நேரம் கம்மி, அதனால மொழியைப் பாத்து ஸ்லாட் எடுங்க. சின்ன இடத்துல உள்ள நுழைஞ்சதும் முதல்ல "போன்ழூர்" (வணக்கம்) சொல்லுங்க, அதைச் சொல்லாம நேரா கேள்வி கேட்டா மூஞ்சி மாறிடும், சொல்லிட்டா எந்த மொழியில பேசினாலும் உதவி பண்ணுவாங்க.

கார் இல்லாம முடியுமா?

லெஸெய்ஸில ரயில் ஸ்டேஷன் இருக்கு, பெரிகுல இருந்து போகலாம், சார்லாவுக்கு போர்தோல இருந்து ரயில் இருக்கு. மோந்தின்யாக்ல ஸ்டேஷன் கிடையாது. கார் இல்லன்னா லெஸெய்ஸில தங்கிடுங்க, தேசிய மியூசியமும் ஃபோந்த்கோமும் நடந்தே போற தூரம்தான்.

வரலாற்றுக்கு முந்தைய காலம் போதும், வேற ஏதாவது?

எனக்கு ரொம்பப் பிடிச்சது மிலாந்த் மாளிகை. ஜோசஃபின் பேக்கர் இருந்த வீடு. அமெரிக்காவுல கறுப்பினத்துல ஏழையாப் பொறந்து, பாரிஸ்ல ஆடிப் பாடிப் பேர் வாங்கி, போர்க்காலத்துல ஜெர்மன்காரனுக்கு எதிரா உளவு வேலை பார்த்து, 1947ல இந்த மாளிகையை விலைக்கு வாங்கி, வெவ்வேற நாட்டுல இருந்து 12 குழந்தைங்களைத் தத்தெடுத்து வளர்த்தவங்க. கடன்ல மாளிகை ஏலத்துல போச்சு, கடைசியில அவங்களை வீட்டை விட்டே வெளியேத்திட்டாங்க. 2021 நவம்பர் 30ம் தேதி நாட்டோட பெரிய ஆளுங்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோன்ல இடம் குடுத்து மரியாதை பண்ணாங்க, அந்த மரியாதை கிடைச்ச முதல் கறுப்பினப் பெண் அவங்கதான். அங்க மேடை உடுப்பும் இருக்கு, ராணுவ உடுப்பும் இருக்கு, ரெண்டையும் பாத்துட்டு நான் ரொம்ப நேரம் தோட்டத்துல உக்காந்திருந்தேன்.

பெரிகுல வெஸுன்னா மியூசியம், தரையில ரோமர் காலத்து வீட்டோட அஸ்திவாரம், அதுக்கு மேல ழான் நூவெல்ங்கற கட்டடக் கலைஞர் கட்டின கண்ணாடிக் கட்டடம், 2003ல திறந்தது. சார்லாவுல பழைய தேவாலயத்தை மார்க்கெட்டா மாத்தி ராட்சசக் கதவு போட்டதும் அவர்தான். சோர்ஜ்ல ட்ரஃபிள் காளானுக்குன்னே ஒரு மியூசியம், கூஸ்ல கையால காகிதம் செய்யற பழைய ஆலை, ரெண்டும் ஒரு மணி நேர வேலைதான்.

சின்னச் சின்ன எக்ஸிபிஷன் எல்லாம் எங்க நடக்குதுன்னு எப்படித் தெரியும்?

நெட்ல தேடறதை விட பேக்கரிக் கண்ணாடியைப் பாருங்க, ஊராட்சி ஆஃபீஸ் வாசல்ல இருக்கற நோட்டீஸ் போர்டைப் பாருங்க. கோடைக்காலத்துல பழைய தேவாலயம், வைக்கோல் கொட்டகை, பள்ளிக்கூடம்னு எங்க பாத்தாலும் "எக்ஸ்போ"ன்னு கையெழுத்துல எழுதி அம்புக்குறி போட்டிருப்பாங்க, உள்ள போக காசு கிடையாது, வரைஞ்சவரே நாற்காலி போட்டு உக்காந்திருப்பார். அவசரப்படாம அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. வாசல்ல ஒரு நோட்டு இருக்கும், அதுல தமிழ்ல எழுதுங்க! நாங்க எழுதினதைப் பாத்துட்டு ஒரு பெரியவர் ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு "இது என்ன சத்தம்"னு கேட்டு, "ழ" சொல்லிப் பழகினார்.

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்றது?

இது வாத்து ஊரு, அதை முதல்லயே தெரிஞ்சுக்கங்க. உருளைக்கிழங்கு வறுவல்தானேன்னு "பொம் சார்லதேஸ்" வாங்கிடாதீங்க, அது வாத்துக் கொழுப்புல வறுக்கறது, சூப்லயும் சில இடத்துல அந்தக் கொழுப்பு இருக்கும். ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் சாப்பிடலாம், முட்டை சேர்த்துக்கறவங்க வால்நட் கேக்கும் சாப்பிடலாம், காளான் ஆம்லெட் எந்தக் கொழுப்புல போடறாங்கன்னு மட்டும் கேட்டுக்கங்க. சார்லா சந்தை புதனும் சனியும், காய்கறி வாங்கிட்டு தங்கற வீட்டுலயே சமைக்கறது எங்க வழக்கம், குக்கர் கொண்டு போயிடுங்க.

மொத்தம் எத்தனை நாள், எந்த வரிசையில?

குறைஞ்சது அஞ்சு நாள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம்தான், காலையில பாத்துட்டு மதியம் ஆத்துல பசங்களை விட்டுடுங்க. சனிக்கிழமை போய்ச் சேர்ந்தா ஞாயிறு ஓய்வும் ஊர் சுத்தலும், திங்கள் லாஸ்கோ 4, செவ்வாய் ரூஃபின்யாக், புதன் சார்லா சந்தை முடிச்சுட்டு மதியம் மிலாந்த், வியாழன் லெஸெய்ஸி மியூசியம், வெள்ளி காலையில ஃபோந்த்கோம். ஃபோந்த்கோமுக்கு வேற கிழமைதான் டிக்கெட் கிடைச்சுதுன்னா மத்ததையெல்லாம் அதுக்கேத்த மாதிரி முன்னாடி நகத்திக்கங்க, லாஸ்கோ 4 மட்டும் அதுக்கு முன்னாடி வரணும்.